பர்மா பஜாருக்கு முன்னால் ஒரு பர்மா இருந்தது

2002 டிசம்பர் 5-ஆம் தேதி, ரங்கூன் இன்யா ஏரிக்கரையில் இருந்த தன் வீட்டில், வீட்டுக்காவலில் இருந்தபடியே நெ வின் செத்துப்போனார். இருபத்தாறு வருஷம் ஒரு நாட்டைத் தன் சொல்லுக்கு ஆட்டிவைத்தவர். அரசு மரியாதை கிடையாது. அன்றைக்கே எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டார்கள். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள் என்று மருமகனுக்கும் பேரன்கள் மூன்று பேருக்கும் மரண தண்டனை விதித்துச் சிறையில் வைத்திருந்தது அவர் வளர்த்த அதே ராணுவம்.

இந்த மனிதரால் பிழைப்பும் வீடும் போய்க் கப்பலேறி வந்தவர்கள் தமிழ்நாட்டில் லட்சத்துக்கும் மேல். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும், திருச்சி, காரைக்குடி பர்மா காலனிகளிலும் அவர்கள் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இருக்கிறார்கள். ஆனால் நெ வின் யார் என்று ஒரு கல்லூரி மாணவரிடம் கேட்டுப் பாருங்கள், முழிப்பார். இடி அமீனைக் கேட்டால் சொல்லிவிடுவார். 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டிய குஜராத்திகளின் கதை உலகத்துக்கே தெரியும். அதற்கு எட்டு வருஷம் முன்னால், அதைவிடப் பெரிய கூட்டமாக, நம் வீட்டு வாசலில் வந்து இறங்கியவர்களின் கதை நமக்கே தெரியாது.

மாணவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை. பத்திரிகை நடத்தியவர்கள், பாடநூல் எழுதியவர்கள், படம் எடுத்தவர்கள், மேடைதோறும் உலகத் தமிழர் என்று முழங்கியவர்கள், இதையெல்லாம் வாசித்தும் கேட்டும் தலையாட்டியவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரையில் ‘நாம்’ என்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. இயற்பெயர் ஷு மாங். ரங்கூன் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர், தபால் ஆபீஸில் எழுத்தராக இருந்தவர். 1941-இல் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானோடு ஹைனான் தீவில் ஜப்பானியரிடம் ஆயுதப் பயிற்சி பெற்ற முப்பது தோழர்களில் ஒருவர். நெ வின் என்ற பெயர் அப்போது வைத்துக்கொண்டதுதான். விடுதலைக்குப் பின் ராணுவத் தளபதி. 1958-இல் கட்சிச் சண்டையில் திணறிய பிரதமர் ஊ நூ, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆட்சியைக் கையில் கொடுத்தார். 1960-இல் தேர்தல் நடத்தி நெ வின் திருப்பியும் தந்தார். உலகமே பாராட்டியது. இரண்டே வருஷத்தில், 1962 மார்ச் 2 அன்று, யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டார். அந்த ஜூலையில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆங் சான் மாணவர் தலைவராக இருந்து அரசியல் பழகிய சங்கத்தின் கட்டடம் அது.

1972 ஏப்ரலில் ராணுவ உடுப்பைக் கழற்றினார். 1974-இல் புதிய அரசியல் சாசனம், ஒரே கட்சி, ஜனாதிபதி பதவி. ஜெனரல் நெ வின், ஊ நெ வின் ஆனார். உடுப்பு போய் லுங்கி வந்தது, ஆள் அதே ஆள். 1981-இல் ஜனாதிபதி நாற்காலியையும் விட்டார். கட்சித் தலைமையை மட்டும் 1988 ஜூலை வரை விடவில்லை. அதிகாரம் எந்த நாற்காலியில் இருக்கிறது என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

நம் கதை 1963-64-இல் வருகிறது. 1963 பிப்ரவரியில் வங்கிகள் அரசுடைமை ஆயின. 1964 மார்ச் 19 அன்று ரங்கூன் கடைகளுக்குள் சிப்பாய்கள் நுழைந்தார்கள். மளிகைக் கடை, துணிக்கடை, மருந்துக்கடை எதுவும் மிச்சமில்லை. கல்லாப்பெட்டியும் சரக்கும் கணக்கெடுக்கப்பட்டன. பெயர்ப் பலகை போய், ‘மக்கள் கடை’ என்று ஓர் எண் வந்தது. காலையில் முதலாளியாகக் கடை திறந்தவர் மாலையில் சாவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு போனார். மே 17-ஆம் தேதி ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. (2016 நவம்பர் 8 இரவை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) கடையைப் பிடுங்கிக்கொண்டாலும் ஏதோ கையில் ரொக்கம் இருக்கிறது, ஊர் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு அதுவும் போயிற்று.

பிறகு இந்தியத் தூதரகத்தில் கூட்டம், கப்பலுக்கு வரிசை. துறைமுகத்தில் சுங்கச் சோதனை. நகை கொண்டுபோகக் கூடாது, பணம் சொற்பம்தான் கொண்டுபோகலாம். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களில் வயதானவர்களைப் பேசவைத்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தச் சோதனை மேஜைக்கு வந்துதான் நிற்கிறது.

அந்தக் கப்பல்கள் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தபோது நாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம்? நோட்டு செல்லாது என்று நெ வின் அறிவித்த பத்தாம் நாள், மே 27, நேரு இறந்தார். அக்டோபர் 30-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கை மலையகத்திலிருந்து ஐந்தே கால் லட்சம் பேரை ஏற்றுக்கொள்வதாக டெல்லி கையெழுத்துப் போட்டது. டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம். நடுவில் அரிசித் தட்டுப்பாடு. சாக்குச் சொல்ல ஏராளம் இருக்கிறது. அந்த ஒரு வருஷத்துக்கு வேண்டுமானால் அது எடுபடும். அதன்பின் அறுபது வருஷம் ஓடிவிட்டது.

1942-இல் ஜப்பான் குண்டு போட்டபோது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதை நம்மிடம் இருக்கிறது. வெ. சாமிநாத சர்மா ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்தியவர், காட்டு வழியாகத் தானும் நடந்து வந்தவர். அந்தப் பயணத்தை எழுதி வைத்தார். 1952-இல் வந்த ‘பராசக்தி’ ரங்கூனில் இருக்கும் அண்ணன் தம்பிகளில் தொடங்குகிறது. 1942-க்கு இப்படி ஒரு நூலும் ஒரு படமும் நம் நினைவில் நிற்கின்றன. 1964-க்கு என்ன நிற்கிறது? பெயர் சொன்னால் பத்துப் பேரில் ஐந்து பேருக்காவது தெரிகிற ஒரு நாவல், ஒரு படம், ஒரு தன்வரலாறு? எனக்குத் தோன்றுவது இதுதான்: 1942-இல் நடந்து வந்தவர்களில் எழுத்துக்காரர்கள் இருந்தார்கள். 1964-இல் வந்தவர்கள் பெரும்பாலும் சின்னக் கடைக்காரர்கள், மில் கூலிகள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், மாடு வைத்துப் பால் கறந்தவர்கள். அவர்கள் எழுதவில்லை. அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்க வேண்டியவர்கள் நாம். போகவில்லை.

வேறு விஷயத்துக்குப் போனோம். 1969-இல் ராஜாஜி சாலை ஓரத்தில், பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குக் கடை வைக்க இடம் கொடுத்தார்கள். பர்மா பஜார் ஆயிற்று. ஃபாரின் டேப் ரெக்கார்டருக்கும் வாட்சுக்கும் செண்டுக்கும், பிற்பாடு விசிஆருக்கும் சிடிக்கும் அங்கே போனோம். பேரம் பேசினோம்; ஏமாந்துவிட்டோம் என்று ஊரெல்லாம் சொன்னோம்; கடத்தல் சரக்கு என்று முகம் சுளித்துக்கொண்டே வாங்கினோம். அந்தப் பலகைக் கடைக்குப் பின்னால் நின்றவர் ரங்கூனில் என்ன கடை வைத்திருந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது பர்மிய நூடுல்ஸான அத்தோவின் காலம். செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலத்தில் தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம். ஆரஞ்சு நிற நூடுல்ஸ் மேல் கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், நொறுக்கிய தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். முட்டையைக் கீறி மசாலா வைத்தது ஒன்று. நன்றாகத்தான் இருக்கிறது. வீடியோ எடுக்கிற தம்பிகள் விலையைக் கேட்கிறார்கள், காரம் எப்படி என்று கேட்கிறார்கள், எத்தனை வருஷமாக வண்டி போடுகிறீர்கள் என்றுகூடக் கேட்கிறார்கள். ஏன் வந்தீர்கள் என்ற கேள்வி மட்டும் வருவதே இல்லை.

இது ஒரு புறக்கணிப்பு. இதைவிடச் சங்கடமானது ஒன்று உண்டு. நெ வின் நம்மவர்களை விரட்டினார் என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறோம். அவர் செய்ததை அன்றைக்குப் பர்மியரில் பலர் ஏன் வரவேற்றார்கள் என்று யோசிக்க நாம் தயாராக இல்லை.

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டா காடுகள் வெட்டப்பட்டு நெல்வயல் ஆயின. அந்த வயலுக்கெல்லாம் முதல் போட்டவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1930 வாக்கில் பர்மா முழுக்க அவர்களுடைய வட்டிக்கடைகள் ஆயிரத்து அறுநூற்றுக்கு மேல். தொழில் செய்யப் போனவர்கள் நிலம் பிடிக்கப் போகவில்லை என்பது உண்மை. உள்ளூரில் கடன் கொடுத்தவர்களைவிடச் செட்டியார்களின் வட்டி குறைவு என்பதும் உண்மை. ஆனால் 1930-இல் உலகச் சந்தை விழுந்தபோது நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்கள் வசம் இருந்தது நூற்றுக்கு ஆறு பங்கு நிலம். 1937-இல் இருபத்தைந்து பங்கு. பாட்டன் வெட்டிய காட்டைக் குத்தகைக்கு உழுத பர்மிய விவசாயியிடம் போய், வட்டி நியாயமானதுதான் என்று எந்தக் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவது? ரங்கூனிலோ 1931 கணக்கெடுப்பில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தன் தலைநகரிலேயே பர்மியர் சிறுபான்மை. 1930-இலும் 1938-இலும் கலவரம் வெடித்தது.

நிலத்தில் முதலில் கைவைத்ததுகூட நெ வின் கிடையாது. 1948-லேயே ஊ நூ அரசு நில தேசியமய சட்டம் கொண்டுவந்தது. நெ வின் வந்தபோது செட்டியார்களின் நிலம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. 1964-இல் அடிபட்டவர்கள் மிச்சம் இருந்த சின்ன மனிதர்கள். இந்த வரிசைகூட நமக்கு ஒழுங்காகத் தெரியாது. காரைக்குடி வீட்டுத் தேக்குத் தூணைத் தடவிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். வழிகாட்டி பர்மாத் தேக்கு என்று சொன்னதும் வியக்கிறோம். அந்தத் தூணுக்குப் பின்னால் இருந்த கடன் பத்திரமும், மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கப்பல் மேல்தளத்தில் போய், ஒரே அறையில் பத்திருபது பேராகப் படுத்து ரங்கூனில் மூட்டை தூக்கிய கூலியின் வாழ்வும் அந்தப் படத்தில் வருவதில்லை. செட்டியாரின் இழப்பு நமக்கு வரலாறு ஆயிற்று. கூலியின் இழப்பு அதுகூட ஆகவில்லை.

இதைச் சொல்வதால் நெ வின் செய்தது நியாயம் ஆகிவிடாது. பழைய அநீதிக்கு அவர் போட்ட கணக்கு பர்மியருக்கே வினையாக முடிந்தது. போருக்கு முன் வருஷத்துக்கு முப்பது லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்து உலகிலேயே முதலிடத்தில் இருந்த நாடு அது. நம் மெட்ராஸ் மாகாணமே அந்த அரிசியைச் சாப்பிட்டது. அவர் ஆட்சியில் அந்த ஏற்றுமதி பத்து லட்சம் டன்னுக்குக் கீழே இறங்கியது. 1987 செப்டம்பரில் மறுபடி நோட்டு செல்லாது என்றார். இந்த முறை 25, 35, 75 கியாட். மாற்றிக்கொள்ள வழியே இல்லை. அதற்குப் பதிலாக வந்தவை 45-உம் 90-உம், ஒன்பதால் வகுபடுகிற எண்கள். ஒன்பது அவருக்கு ராசி எண் என்று நாடே பேசியது. அந்த டிசம்பரில் ஐ.நா. சபை பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வருஷம் 8-8-88 எழுச்சி. அதற்கு இரண்டு வாரம் முன்பு கட்சிப் பதவியை விட்டுப் போனபோது பேசிய பேச்சில்கூட, ராணுவம் சுட்டால் குறிபார்த்துத்தான் சுடும், வானத்தைப் பார்த்துச் சுடாது என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார். அப்படித்தான் சுட்டார்கள்.

அவர் விட்டுப்போன சொத்து இந்த ராணுவம்தான். நாடு தன்னுடையது, மக்கள் தன் காவலில் இருக்கிறார்கள் என்று நம்புகிற ராணுவம். 2011-இல் தெய்ன் செய்ன் என்ற இன்னொரு முன்னாள் ஜெனரல் ஜனாதிபதியாகிக் கொஞ்சம் கதவைத் திறந்தார். 2021 பிப்ரவரி 1-இல் ராணுவத் தளபதி மின் ஆங் லைங் அதை அறைந்து சாத்தினார். இதையெல்லாம் நாம் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் ஓரமாக வாசித்துவிட்டுத் திருப்பினோம், நமக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோல.

உறவு இருக்கிறது. கப்பலேறாமல் அங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் இருக்கிறார்கள். ரங்கூனிலும், பெகு, தட்டோன், மோல்மீன் பக்கத்துக் கிராமங்களிலும் உழுது பிழைக்கிறவர்கள். ரங்கூனில் ‘தொண்டன்’, ‘ரசிக ரஞ்சனி’ என்று தமிழ் நாளேடுகள் வந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. நெ வின் ஆட்சியில் அந்த அச்சு எந்திரங்கள் நின்றன. தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின. மிச்சத் தமிழைக் கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஓய்வு நாளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் காப்பாற்றி வைத்தவர்கள் அவர்களே. இதில் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. உலகத் தமிழர் என்று பட்டியல் போடும்போது சிங்கப்பூர், மலேசியா, கனடா, இங்கிலாந்து எல்லாம் முன்னால் வரும். பர்மா வந்தால் கடைசியில் வரும். பணம் அனுப்பாத உறவுக்காரரை நாம் நடத்துகிற விதம் அது.

1982-இல் வந்த குடியுரிமைச் சட்டம் நெ வின் மனசில் இருந்ததை அப்படியே எழுத்தில் வைத்தது. 1823-க்கு முன், அதாவது ஆங்கிலேயர் காலடி வைப்பதற்கு முன், அங்கே வேர் இருந்த இனங்கள்தான் முழுக் குடிமக்கள். மற்றவர்கள் இரண்டாம் தரம், மூன்றாம் தரம். அட்டையின் நிறமே வேறு. பின்னால் வந்தவர்களைப் பெரிய பொறுப்புகளில் நம்பி வைக்க முடியாது என்று அந்த அக்டோபரில் அவரே பேசினார். மூன்று தலைமுறையாகப் பர்மிய மண்ணில் பிறந்து, பர்மிய மொழி பேசி, பர்மியப் பெயர் வைத்துக்கொண்ட தமிழனுக்கும் அது பொருந்தும். ரோஹிங்கியாக்களை நாடற்றவர்கள் ஆக்கியதும் இதே சட்டம்தான். அவர்களில் சில குடும்பங்கள் சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில், புயல் நிவாரணக் கட்டடத்தில் வந்து ஒண்டினார்கள். வியாசர்பாடியும் கேளம்பாக்கமும் ஒரே மனிதரின் கைவேலை என்று எழுத நமக்குத் தோன்றவில்லை.

மணிப்பூர் எல்லை ஊரான மோரேயை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வந்து இறங்கியவர்களில் சிலருக்கு முகாம் வாழ்க்கை பிடிக்கவில்லை. நிலம் வழியாகத் திரும்பிப் பர்மாவுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வரை போனார்கள். எல்லையில் விடவில்லை. இந்தப் பக்கமும் மனசு ஒட்டாமல், அந்தப் பக்கமும் போக முடியாமல், எல்லைக்கோட்டிலேயே ஓர் ஊரைக் கட்டிக்கொண்டார்கள். அங்காளபரமேஸ்வரி முனீஸ்வரர் கோயில், பள்ளிவாசல், தமிழ்ச் சங்கம், இட்லிக் கடை. தொண்ணூறுகளின் நாகா-குகி மோதலில் பெரும்பகுதியினர் வெளியேறினார்கள். 2022 ஜூலையில் எல்லை தாண்டித் தமு ஊருக்குப் போன மோரே தமிழர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே மாதம் மணிப்பூர் எரிந்தபோது மோரேயில் தமிழர் வீடுகளும் எரிந்தன. அப்போது சில நாள் அவர்களை நினைத்துக்கொண்டோம். சில தலைவர்கள் அறிக்கை விட்டார்கள், தொலைக்காட்சி ஒரு மாலை ஒதுக்கியது, பிறகு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். 1964-இல் நேரு மரணத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே நழுவவிட்ட அதே வேகம்.

1964-இல் பதினைந்து வயதில் கப்பலேறியவருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. பெரியவர்களாக வந்தவர்களில் அநேகம் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்த வேலைக்குப் பல்கலைக்கழகம் திட்டம் போட்டு நிதி ஒதுக்கட்டும் என்று காத்திருந்தால் பேசுவதற்கு ஆள் இருக்க மாட்டார்கள். உங்கள் தெருவில், உங்கள் குடும்பத்தில் பர்மாவிலிருந்து வந்த தாத்தாவோ ஆச்சியோ நன்னியோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். செல்பேசியை ஆன் பண்ணி வைத்துவிட்டுப் பேசவிடுங்கள். பர்மியச் சொல் வந்தால் நிறுத்தி அர்த்தம் கேளுங்கள். டிரங்குப் பெட்டியில் பழைய அடையாளச் சீட்டு, கப்பல் டிக்கெட், கடைக் கணக்கு, சுங்கத்தில் கொடுத்த ரசீது ஏதாவது கிடக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் படம் எடுத்து வையுங்கள். கடன் கொடுத்த குடும்பமானால் கடன் கொடுத்த கதையையும், கூலிக்குப் போன குடும்பமானால் கூலிக் கதையையும், இரண்டையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.